ஒரே விரலின் இரண்டு துளிகள்

2002 செப்டம்பர் 12. தாயிசியா பிலிப்போவ்னா, முதல் மாலைக் கூலி. 150 ரூபிள்.
2002 அக்டோபர் 3. க்லேப் நிகனோரவிச், காப்ஸ்யூல் ஒரு குப்பி. 680 ரூபிள்.
2002 டிசம்பர் 5. மாலைக் கூலி. 150 ரூபிள்.
2002 டிசம்பர் 12. மாலைக் கூலி. 150 ரூபிள்.
2002 டிசம்பர் 19. கூலி இல்லை.
2002 டிசம்பர் 20. கிராஸ்னதாருக்குப் பேருந்துச் சீட்டு, போக மட்டும். 84 ரூபிள்.

தென் ரஷ்யச் சிற்றூரான கமிஷேவயாவில் இலையுதிர்காலம் வந்தால் எண்ணெய் ஆலை இரவும் பகலும் ஓடும். சூரியகாந்தி விதை வறுபடும் மணம் ஊர் முழுக்கப் பரவிக் காயப்போட்ட துணியிலும் தலைமயிரிலும் ஏறிக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு மணம் இருப்பதே தெரியாது.

தாயிசியா பிலிப்போவ்னா மாவட்ட மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு அறுபத்தொரு வயது. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஆலைக்குப் பின்புறத்து ஐந்து மாடிக் கட்டடத்தில் நான்காம் மாடியில் ஒற்றை அறை. வானிலை அறிக்கை வாசிக்கும் பெண் வானொலியில் காலை வணக்கம் சொன்னால் இவளும் சமையலறையிலிருந்து வணக்கம் சொல்வாள். அந்த ஆகஸ்டில் ஒருநாள் ரொட்டிக் கடையில் கறுப்பு ரொட்டி கேட்க வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. ஏதோ கரகரத்தது. தொண்டை கட்டியிருக்கிறதோ என்று கடைக்காரி கேட்டாள். தொண்டையில் ஒன்றும் இல்லை. நான்கு நாளாக அவள் எந்த மனிதரிடமும் பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை கதவு தட்டப்பட்டபோது, யார் என்று கேட்காமலே திறந்துவிட்டாள்.

வாசலில் நின்றவள் இனெஸ்ஸா வலேரியெவ்னா. முன்பு பள்ளியில் பாட்டு வாத்தியார். பள்ளியில் சம்பளம் மாதக்கணக்கில் நின்றுபோன காலத்தில் வேலையை விட்டுவிட்டு, உடல்நலக் காப்ஸ்யூல்கள் விற்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தாள்.

"தாயிசியா பிலிப்போவ்னா, ஊர்ல ரத்தம் எடுக்கிறதுக்கு உங்களை மாதிரி கை யாருக்கும் இல்லைன்னு சொல்றாங்க. குத்தினதே தெரியாதாமே?"

"யாரு சொன்னது? குத்து வாங்கினவங்களா, குத்தாம தப்பிச்சவங்களா?"

இனெஸ்ஸா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அறையில் வேறொரு மனிதரின் சிரிப்புச் சத்தம் கேட்டது தாயிசியாவுக்குப் பிடித்திருந்தது. என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

வேலை இதுதான். வியாழக்கிழமைதோறும் பண்பாட்டு மன்றத்தில், சதுரங்கக் குழுவின் பழைய அறையில் ஆரோக்கிய வகுப்பு. மேசைமேல் ஒரு நுண்ணோக்கி. அதிலிருந்து ஒரு கம்பி தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போகும். வருகிறவர்களின் விரலைக் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், அவரவர் ரத்தத்தை அவரவரே திரையில் பார்க்கலாம். பிறகு தேநீர், வளைய பிஸ்கட், யார் வீட்டிலிருந்தாவது வந்த, உப்புநீரில் ஊறவைத்த தர்பூசணி. பத்துப் பதினோரு பேர் வருவார்கள். பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். தனியாக இருப்பவர்கள்.

தேநீருக்கு முன்னால் இனெஸ்ஸா பேசுவாள். பாட்டு வாத்தியாரின் குரல், கடைசி வரிசைவரை போகும்.

"நம்ம உடம்புல கோடானுகோடி செல்லுங்க. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர். அந்தச் சுவர் எதால ஆனது? பாஸ்போலிப்பிட்டால. வயசாக ஆக அந்தச் சுவர் விரிசல் விடுது. அப்புறம் நல்லது உள்ள போகாது, கெட்டது வெளிய வராது. கல்லீரல் களைச்சுப்போகும், ஞாபகம் மங்கும், கால் கனக்கும். வீட்டுச் சுவர் பேந்தா என்ன பண்றோம்? பூசறோம் இல்ல? இந்தக் காப்ஸ்யூல்தான் அந்தப் பூச்சு."

முதல் நாள் இதைக் கேட்டபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொத்தனார் கூலியும் சேத்துத்தான் அறுநூத்தி எண்பதா, இனெஸ்ஸா வலேரியெவ்னா?"

அவர்தான் க்லேப் நிகனோரவிச். எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டியவர். உயரமான மனிதர். தொப்பியைக் கழற்றி முழங்காலில் கவிழ்த்துவைத்து அதற்குள் சூரியகாந்தி விதைத் தோலைப் போட்டுக்கொண்டிருப்பார். மனைவி இறந்துவிட்டாள். மகள் வடக்கே வோலக்தாவில்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் அவர் எழுந்து. "எண்ணெயில சுடுதண்ணி தெளிச்சா தொட்டி அடியில பழுப்பா ஒரு மண்டி தங்குமே, இந்த நீட்டி முழக்குற பேருக்காரன் அதுதானே? நாங்க கருப்புத் தேன்னு சொல்லுவோம். இருவது வருஷம் அதைப் பீப்பாய் பீப்பாயா கன்னுக்குட்டிப் பண்ணைக்கு ஓட்டினவன் நான்."

இனெஸ்ஸா சளைக்கவில்லை. "அதேதான்! சுத்தம் பண்ணினது. பாருங்க, கன்னுக்குட்டிக்கே அவ்வளவு நல்லதுன்னா..."

"கன்னுக்குட்டி கொழுத்துச்சு, உண்மைதான். ஆனா கொழுத்ததும் எங்க போச்சுன்னு கேக்காதீங்க."

அறை சிரித்தது. முன்வரிசையில் எப்போதும் முதலில் வந்து உட்காரும் அகுலினா கிழவி திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். "ஏம்பா க்லேப், அப்பவே எனக்கும் ஒரு வாளி இறக்கிட்டுப் போயிருந்தா இப்போ காசு மிச்சம் இல்ல?"

"உனக்கு வாளி பத்தாது அகுலினா, லாரியே வந்திருக்கணும்."

தாயிசியா ஊசிகளைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் அந்தச் சிரிப்பு அவளுக்கு மிச்சம் இருந்தது.

செல்லின் சுவர் கொழுப்பால் ஆனது என்பது உண்மை. அவள் படித்த தொழிற்பள்ளிப் புத்தகத்திலேயே இருந்தது. விழுங்கிய காப்ஸ்யூல் நேரே போய் அந்தச் சுவரின் விரிசலில் உட்கார்ந்துகொள்ளும் என்பதைத்தான் அவளுக்கு யாரும் காட்டியதில்லை. சிலருக்கு நன்மை செய்யலாம். தீமை செய்வதாகவும் தெரியவில்லை. அதைப் பற்றி அவள் அதிகம் யோசிக்கவில்லை. அவளை உறுத்தியது வேறு.

விரலிலிருந்து எடுத்த துளியைத் தகட்டில் தடிப்பாக வைத்து, மூடிக் கண்ணாடியைப் போடாமல் கொஞ்ச நேரம் விட்டால், ஓரம் காயத் தொடங்கும். சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, அடுக்கிய காசுகள் போல நீளநீளமாக நிற்கும். அதே ரத்தத்தைச் சிறு துளியாக எடுத்து உடனே மூடி, லேசாக அழுத்தினால், ஒவ்வொரு அணுவும் தனித்தனியாக உருண்டையாக மிதக்கும். பரிசோதனைக் கூடத்தில் இதைப் புதிதாக வந்த பெண்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

இங்கே நடந்த முறை இது. புதிதாக ஒருவர் வந்தால், தாயிசியா துளியை எடுத்துத் தகட்டில் வைப்பாள். இனெஸ்ஸா தகட்டுக்கு மேல் கையை விரித்து, "ஒரு நிமிஷம் இருங்க, முதல்ல நாம என்ன பாக்கப்போறோம்னு சொல்லிடறேன்" என்று பேசத் தொடங்குவாள். பேச்சு முடிந்து மூடி போட்டுத் திரையில் பார்த்தால் காசு அடுக்கு. "பாத்தீங்களா, சுவர் பலமில்லாததால எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடக்கு." இரண்டு மாதம் காப்ஸ்யூல் சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி வரும்போது பேச்சு எதுவும் இருக்காது. உடனே திரைதான்.

இரண்டாவது வாரமே தாயிசியா அவளைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "இனெஸ்ஸா, துளியைக் காத்திருக்க வெச்சா எல்லார் ரத்தமும் அப்படித்தான் தெரியும்."

"நான் பேசி முடிக்கணும் இல்லையா, தாயிசியா பிலிப்போவ்னா? எங்களுக்குப் பயிற்சியில இந்த வரிசையிலதான் சொல்லிக்குடுத்தாங்க."

அவள் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. தெரிந்துதான் செய்கிறாளா, தெரியாமலா என்பது தாயிசியாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதற்குமேல் கேட்கவும் இல்லை. கேட்டால் வியாழக்கிழமை போய்விடும்.

அக்டோபர் 3 அன்று க்லேப் நிகனோரவிச் விரலை நீட்டினார். அதுவரை கேலி மட்டும் பேசிக்கொண்டிருந்தவர், திரையில் தன் ரத்தம் அடுக்கடுக்காக நின்றதும் வாயை மூடிக்கொண்டார். தொப்பியைக் கையில் எடுத்துச் சுற்றினார். பிறகு பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி ஒரு குப்பி வாங்கினார்.

அன்று வெளியே மழை. இருவர் வீடும் ஒரே திசை. அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவளுடைய கட்டட வாசல் விளக்கின் கீழ் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு கை விதையை அள்ளி அவள் உள்ளங்கையில் கொட்டினார். அடுத்த வியாழனும் அப்படியே. அதற்கடுத்ததும். அவள் மாடிக்குப் போய் அந்த விதைகளை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகக் கடிப்பாள். ஒரே மூச்சில் தின்றுவிட்டால் வியாழக்கிழமை முடிந்துவிடும்.

நவம்பர் நடுவில் ஒரு இரவு நடக்கும்போது அவர் சொன்னார்.

"கல்லீரல்ல கட்டியாம். முட்டை அளவு. தண்ணிக் கட்டி. ஆட்டுப் பட்டி நாய்கிட்டேர்ந்து வருமாமே ஏதோ புழு, அதோட வேலையாம்."

தாயிசியா நின்றுவிட்டாள். "டாக்டர் என்ன சொன்னார்?"

"கிராஸ்னதார் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்துட்டார். டிசம்பர் இருவத்தி மூணு. அறுத்து எடுத்துடுவாங்களாம்."

"போகணும். அது உள்ள உடைஞ்சா ஆபத்து."

"போகணும்தான்." அவர் விதைத் தோலைத் துப்பினார். "என் பொண்டாட்டியையும் அங்கதான் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வரும்போது லாரியில நான் மட்டும் வந்தேன்."

அவள் அவர் கோட்டுக் கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். வாசல்வரை அப்படியே நடந்தார்கள்.

டிசம்பர் 5 அன்று அவருடைய இரண்டாவது சோதனை. அவர் மழித்துச் சீவி, பழைய நீலக் கழுத்துப்பட்டை கட்டி வந்தார். "கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கியே, பொண்ணு எங்க?" என்றாள் அகுலினா. "மைக்ராஸ்கோப்புக்குள்ள இருக்கா" என்றார் அவர். குரலில் நடுக்கம் இருந்தது. அது தாயிசியாவுக்கு மட்டும்தான் கேட்டது.

அவர் காப்ஸ்யூலை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பாதி நாள் மறந்துபோகிறது என்று அவரே சொல்லியிருந்தார். அன்று இனெஸ்ஸா வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். உடனே மூடு என்று தாயிசியாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் செய்தாள். எள்ளளவு துளி. உடனே மூடி. கட்டைவிரலால் ஒரு மெல்லிய அழுத்தம். முப்பத்து நான்கு ஆண்டில் அவள் செய்த மிக நேர்த்தியான தகடு அதுதான். திரை நிறைய உருண்டை உருண்டையாக, ஒன்றையொன்று தொடாமல், ஆற்றில் விட்ட பூக்கள்போல அவருடைய ரத்தம் மிதந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்காகத்தான் அதைச் செய்தாள்.

"இதெல்லாம் என்னுதா?" என்று கேட்டார் க்லேப் நிகனோரவிச். கண்ணில் தண்ணீர் நின்றது. பத்துப் பேரும் கைதட்டினார்கள். அப்போது அவர் உள்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"அப்போ நான் எதுக்குக் கிராஸ்னதார் போகணும்? ரத்தமே சொல்லுது. வசந்தம் வரட்டும், பாத்துக்கலாம்."

அந்தத் தாளைத் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்தார். குவளையின் ஈரவட்டம் மருத்துவமனை முத்திரைமேல் பதிந்தது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவர் பாடிக்கொண்டே வந்தார். விதையை இரண்டு கை அள்ளிக் கொடுத்தார். தாயிசியா மாடிக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஊசி குத்தியதும் அவள்தான், துளியை அழுத்தியதும் அவள்தான். ரத்தம் பார்த்துக் கட்டி கரைந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை அவரிடம் சொல்லவேண்டும். சொன்னால், இனி இந்தக் கையைத் தன் கோட்டு ஓரத்தைப் பிடிக்க விடமாட்டார். சொல்லாவிட்டால் டிசம்பர் 23 வந்து போய்விடும். வானொலிப் பெண் இரவு வணக்கம் சொன்னாள். தாயிசியா பதில் சொல்லவில்லை.

அடுத்த வியாழன், டிசம்பர் 12, மாலை வகுப்புக்கு முன்னால் பகல் மூன்று மணிக்கு அவரை மன்றத்துக்கு வரச் சொன்னாள். அறைச் சாவி அவளிடம் இருந்தது. அவர் கையில் ஒரு ஜாடி உப்புத் தக்காளியோடு வந்தார்.

"என்ன தாயிசியா பிலிப்போவ்னா, என்னைத் தனியா கூப்பிட்டிருக்கீங்க? அகுலினாவுக்குத் தெரிஞ்சா ஊரே பத்திக்கும்."

"உக்காருங்க. கையைக் குடுங்க."

"மறுபடியுமா? போன வாரம்தானே..."

"குடுங்க."

விரலைக் குத்தினாள். ஒரு தடித்த துளியைத் தகட்டில் வைத்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு, எழுந்துபோய்க் கெண்டியை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை அவர் தக்காளி ஜாடியின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொதித்தது. அவள் திரும்பி வந்து அதே விரலை அழுத்தி, இரண்டாவது தகட்டில் எள்ளளவு துளி எடுத்து உடனே மூடினாள். முதல் தகட்டையும் மூடினாள்.

முதல் தகட்டைத் திரையில் காட்டினாள். காசு அடுக்கு. பிறகு இரண்டாவது. மிதக்கும் உருண்டைகள். மறுபடி முதலாவது. மறுபடி இரண்டாவது.

"இதுல எது என்னுது?"

"ரெண்டும் உங்களோடதுதான். ஒரே விரல். ஒண்ணைக் காத்திருக்க வெச்சேன், ஒண்ணைக் காத்திருக்க வைக்கல. வேற வித்தியாசம் கிடையாது, க்லேப் நிகனோரவிச். கட்டியைப் பத்தி ரெண்டுமே ஒண்ணும் சொல்லாது."

அவர் விரல் நுனியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ போன வாரம்... இனெஸ்ஸா செய்யச் சொன்னாளா?"

"இல்ல. அவ வாசல்ல இருந்தா. நானாத்தான்."

"எதுக்கு?"

"நீங்க பயந்துகிட்டு வந்திருந்தீங்க. டை கட்டிட்டு வந்திருந்தீங்க." அவள் குரல் ரொட்டிக் கடையில் வந்ததுபோலக் கரகரத்தது. "உங்க முகம் ஒரு நிமிஷம் நல்லா இருக்கட்டும்னு."

அவர் எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இருவது வருஷம் கன்னுக்குட்டிங்களுக்குத் தீனி ஓட்டினேன்" என்றார். "எங்க கொண்டுபோவாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒரு கன்னுக்குட்டி கிட்டயும் நல்லா இருக்கேன்னு நான் சொன்னதில்ல."

கதவு மூடியது. தக்காளி ஜாடி மேசைமேல் இருந்தது.

மாலையில் வகுப்பு வழக்கம்போல நடந்தது. க்லேப் வரவில்லை. தாயிசியா வழக்கம்போலத் துளிகளைக் காத்திருக்கவைத்தாள், வழக்கம்போல நூற்றைம்பது ரூபிளை வாங்கிக்கொண்டாள். அவரிடம் சொன்னதே அவளுடைய மொத்தத் தைரியத்தையும் தீர்த்திருந்தது. தனியாக நடந்து வீடு வந்தாள். பனி விழத் தொடங்கியிருந்தது.

டிசம்பர் 19 அன்றும் அவர் வரவில்லை. புதிதாக ஒருத்தி வந்திருந்தாள், ஆலையின் உணவுக்கூடத்துச் சமையற்காரி. கணவனுக்கு வேலை போய்விட்டது, தனக்குக் கால் கனக்கிறது என்றாள். பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். தாயிசியா விரலைக் குத்தினாள். இனெஸ்ஸா கையை விரித்து, "ஒரு நிமிஷம் இருங்க..." என்று தொடங்குவதற்குள் எள்ளளவு துளியை வைத்து மூடி, அழுத்தி, திரையில் விட்டாள்.

உருண்டை உருண்டையாக, தனித்தனியாக.

"இது நல்லா இருக்கா, மோசமா?" என்று கேட்டாள் சமையற்காரி.

"நல்லா இருக்கு" என்றாள் தாயிசியா. "காலுக்குப் போய் டாக்டரைப் பாருங்க. பணத்தைப் பத்திரமா வெச்சுக்குங்க."

இனெஸ்ஸா சிரித்த முகத்தை மாற்றாமலே சொன்னாள், "தாயிசியா பிலிப்போவ்னா, இன்னொரு துளி எடுத்துப் பாப்போமே."

"வேணாம். வேணும்னா என்னுதை எடுங்க, ரெண்டு துளி. ஒண்ணை உங்க பேச்சு முடியறவரைக்கும் வைங்க."

சமையற்காரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துபோனாள். இனெஸ்ஸா தொலைக்காட்சியை அணைத்தாள். அவள் கத்தவில்லை. "என் மகனுக்கு நான் எதை வெச்சுச் சோறு போடறதுன்னு நெனச்சீங்க?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். கூலி தரவில்லை. தாயிசியாவும் கேட்கவில்லை. சாவியை மேசைமேல் வைத்தாள்.

மற்றவர்கள் தன் பக்கம் நிற்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கோபப்படுவார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. கோட்டு மாட்டும் இடத்தில் அகுலினா அவளை மறித்தாள்.

"ஏண்டி தாஸ்யா, நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா? ஓய்வூதியக்காரிக்கு ரத்தம் பூப்பூவா மிதக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்கு வாங்கினே?"

"வாங்கினாத்தானே வரச்சொல்லுவா! இந்த ஊர்ல வேற யாரு என் கையைப் பிடிச்சு எப்படி இருக்கேன்னு கேக்கறா? நீ கேட்டியா, நாலு வருஷமா ஒரே தெருவுல இருக்கோமே?" கிழவி தலைத்துணியை இறுக்கி முடிந்தாள். "உன் உண்மையை நீயே வெச்சுக்க. எங்க வியாழக்கிழமையைக் கெடுத்துட்டே."

தாயிசியா வீட்டுக்குப் போகும் வழியில் அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தாள். நாலு வருஷமாக ஒரே தெரு. உண்மைதான்.

மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக் காலை வண்டிக்கு ஒரு சீட்டு வாங்கினாள். க்லேப் வீட்டுக் கதவிடுக்கில் அதைச் செருகினாள். உள்ளே வானொலி பேசிக்கொண்டிருந்தது. வானிலைப் பெண்ணின் அதே குரல். அவள் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னரே நிலையத்தில் போய் நின்றாள். ஓட்டுநர் பேருந்தின் முன்கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கையில் அவர் வந்தார். சிறிய பை ஒன்று. கழுத்தில் நீலப் பட்டை. அவளைத் தாண்டிப் போய்ப் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"போகத்தான் சீட்டு எடுத்திருக்கீங்க. திரும்பி வர இல்லையே?"

"என்னிக்குன்னு தெரியாதே."

"அதுவும் சரிதான்." பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். சட்டைப் பைக்குள் கையை விட்டார், ஒரு கை விதை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அவள் கையுறைமேல் கொட்டிவிட்டு ஏறிக்கொண்டார். கண்ணாடி முழுக்கப் பனி. எந்த இருக்கையில் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. பேருந்து முழுவதற்கும் சேர்த்துக் கையசைத்தாள்.

ஜனவரியில் ஆரோக்கிய வகுப்பு மறுபடி தொடங்கியது. ஊசி குத்த வேறொரு பெண் வந்தாள். தாயிசியா ஒருநாள் மன்றத்தின் பக்கமாக நடந்தபோது, அந்த அறையின் ஜன்னலில் வெளிச்சமும் உள்ளே சிரிப்பும் இருந்தன. ஒரு வியாழன் அவள் ஊறவைத்த தர்பூசணித் துண்டுகள் கொண்டுபோய் அகுலினாவின் கதவைத் தட்டினாள். கிழவி வகுப்புக்குப் போயிருந்தாள்.

க்லேப் நிகனோரவிச்சிடமிருந்து முதல் கடிதம் ஜனவரி 30 அன்று வந்தது. ஐந்து வரி. அறுத்துவிட்டார்கள், கட்டி உடையாமல் முழுசாக வந்தது, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் வேறு கதை என்று டாக்டர் திட்டினார். தாயிசியா அதே நாளில் மூன்று பக்கம் பதில் எழுதினாள். இரண்டாவது பிப்ரவரி 20 அன்று வந்தது. மகள் வந்திருக்கிறாள், தையல் பிரித்தாகிவிட்டது, கஞ்சியில் உப்பே இல்லை.

மூன்றாவது வோலக்தாவிலிருந்து. வீட்டை விற்கும் பொறுப்பை மருமகன் எடுத்துக்கொண்டாராம், இனி இங்கே மகளோடுதான் இருக்கவேண்டுமாம். இங்கே யாரும் விதை கடிப்பதில்லை, கடித்தால் பேத்தி திட்டுகிறாள். ஆலை மணம் இல்லாமல் மூக்கு காலியாக இருக்கிறது. அப்படி ஒரு மணம் இருந்ததே இப்போதுதான் தெரிகிறது. மிச்சமிருந்த காப்ஸ்யூலைக் காலையில் இரண்டு இரண்டாக விழுங்குகிறேன். உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். டாக்டரிடம் கேட்டேன், கெடுதி இல்லை, உங்கள் இஷ்டம் என்றார். வியாழக்கிழமையிலிருந்து என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. அன்று நீங்கள் காட்டிய இரண்டு துளியில் முதலாவதைப் பற்றி யோசிக்கிறேன். காத்திருந்தால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதானே? அதை ஏன் மோசம் என்று சொல்கிறார்கள்? மழை வந்தால் குடை எடுத்துக்கொண்டு போங்கள். கீழே கையெழுத்து. அனுப்புநர் முகவரியில் வீட்டு எண் மழையில் கரைந்து படிக்க முடியாமல் இருந்தது.

தாயிசியா தெருப் பெயரை மட்டும் எழுதிப் பதில் போட்டாள். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பிறகு இன்னொன்றும் போட்டாள். அந்த ஆண்டு முழுவதும், அடுத்த ஆண்டும், மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் தபால் பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்ப்பாள். மின்கட்டணச் சீட்டு இருக்கும். வேறொன்றும் இருக்காது. ஆகவே வோலக்தாவிலிருந்து வந்ததே கடைசிக் கடிதம் என்று கொள்ளவேண்டும். அது வந்த நாள் 2003 மார்ச் 27, வியாழக்கிழமை.